ரிக்காரரை என்ன செய்யலாம், அக்கா?

இரண்டு இதழ்களுக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் ஒரு காதல் நாவலைப் படிக்கச் சொல்லியிருந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு கட்டைப்பை நிறைய கடிதம், அது போக வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள், அதில் ஒருவர் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே திட்டியிருக்கிறார், நடுநடுவே கண்டக்டர் விசில் நன்றாகக் கேட்கிறது. படிக்காதவர்களுக்குக் கதை இதுதான். குன்னத்தூர் பக்கம் ஒரு கிராமம். நாயகி திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங்கில் இருக்கிறாள், வயது 29, ஜாதகம் தட்டித் தட்டிக் கல்யாணம் தள்ளிப்போகிறது. அப்பாவின் காட்டில், அதாவது விவசாய நிலத்தில், போர் (ஆழ்துளைக் கிணறு) போட வருகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டியின் டிரில்லர்தான் நாயகன். வேறு சாதி. மற்றதை நீங்களே ஊகித்துவிடுவீர்கள், ஊகித்தபடியேதான் போகும், கடைசி முப்பது பக்கம் தவிர. புத்தகத்தின் பெயரை மறுபடி போடவில்லை. போன தடவை போட்டதற்கே "கமிஷன் எவ்வளவு அக்கா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். பெயர் வேண்டாம் என்று பலர் சொன்னதால் எழுதியவர்களின் ஊரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி: முதல் அறுபது பக்கமும் போர் போடுகிறார்கள். படிக்கிற எனக்கும் போர்தான். காதல் எப்போது அக்கா வரும்?
– பெருந்துறை வாசகி

வந்துவிட்டதே, நீங்கள்தான் பக்கத்தை வேகமாகத் தள்ளிவிட்டீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மொத்தக் குடும்பமும் காட்டில் நிற்கிறது, அப்பா இறங்குகிற ராடை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறார், ஒரு ராடு 20 அடி, நாற்பத்தைந்தாவது ராடு இறங்கியாயிற்று, அதாவது 900 அடி, இன்னும் புகைதான் பறக்கிறது, ஈரமே இல்லை. ஆழம் போகப் போக அடிக்கு ரேட்டும் ஏறும் என்பது போர் போட்டவர்களுக்குத் தெரியும். அப்போது அவன் இறங்கி வந்து, "நிறுத்திக்கலாமுங்க, இனி காசுதான் இறங்கும்" என்கிறான். முதலாளி காதில் விழுந்தால் அவன் வேலை போய்விடும். அப்பா ஒன்றும் பேசாமல் கையிலிருந்த டார்ச்சை அணைக்கிறார். அவள் அந்த நேரத்தில்தான் அவன் முகத்தைப் பார்க்கிறாள், முகமெல்லாம் வெள்ளைப் புழுதி, கண் மட்டும் தெரிகிறது. இதற்கு மேல் காதல் வர என்ன வேண்டும்? எங்கள் தோட்டத்தில் மூன்று போர் போட்டு மூன்றிலும் புகை பார்த்தவள் நான். அன்றைக்கு ஒருத்தர் வந்து "நிறுத்திக்கலாமுங்க" என்று சொல்லியிருந்தால் அவரையே கட்டியிருப்பேன். வீட்டுக்காரர் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்கிற தைரியத்தில் சொல்கிறேன்.

கேள்வி: நான் ரிக்கில் வேலை பார்த்து ஓய்ந்தவன். நாயகன் ரிக் வேலைக்குப் போன சத்தீஸ்கரிலிருந்து தினமும் ராத்திரி ஒன்பதுக்குப் போன் பேசுகிறான். கம்ப்ரஸர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது, எல்லாம் கைஜாடைதான். அப்புறம் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறானாம். அங்கே மழை பிடித்து வண்டி காட்டுக்குள் இறங்க முடியாமல் போனால்தான் எங்களுக்கு ஊர். எழுதியவர் ஒரு நாளாவது ரிக் பக்கத்தில் நின்றிருப்பாரா?
– திருச்செங்கோடு வாசகர்

முதல் அத்தியாயத்துக்காக ஒரு ராத்திரி நின்றிருப்பார் என்று தோன்றுகிறது, அதற்கப்புறம் வீட்டுக்குப் போய்விட்டார். உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. ஊருக்கு வந்த முதல் ஒரு வாரம் நீங்கள் வீட்டில் கத்திக் கத்தியே பேசுவீர்களாம், உங்கள் வீட்டம்மா "மெதுவா பேசுங்க, நான் என்ன கம்ப்ரஸரா?" என்பாராம். அந்த மாதிரி ஒரு வரி இந்த நாவல் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பத்து மாதம் பிரிந்திருக்கிற இரண்டு பேர் போனில் "சாப்பிட்டியா" என்றே நாற்பது பக்கம் ஓட்டுகிறார்கள்.

கேள்வி: ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரைக்கு வெளியே வந்தால் கால் இரண்டும் வீங்கியிருக்கும். செக்கிங் என்றால் நின்றுகொண்டே பார்க்கிற வேலை. இவள் மட்டும் சாயங்காலமே பஸ் ஸ்டாண்டில் பூ வைத்துக்கொண்டு நிற்கிறாள். காதலிக்க நேரம் ஏது?
– திருப்பூர் வாசகி

ஞாயிற்றுக்கிழமை. அதுவும் ஷிப்மெண்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமை.

கேள்வி: கம்பெனி கேட் வெளியே மூன்று நாள் வந்து நிற்கிறான். இதைக் காதல் என்று எழுதினால் எங்கள் கல்லூரி பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் எல்லோரும் காதலர்களா? நீங்கள் எப்படி இந்தப் புத்தகத்தைப் பரிந்துரைத்தீர்கள்?
– கோவை மாணவி

கோபம் நியாயம். ஒரு பெண் வேண்டாம் என்று காட்டிய பிறகும் பின்னாலேயே வருவது குற்றம், 2013-லிருந்து தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவாகவே இருந்தது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 78-ஆம் பிரிவு. ஆனால் மூன்றாம் நாள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அவள் ரோட்டைத் தாண்டி வந்து "நாளைக்கு வராதீங்க" என்கிறாள். நாலாம் நாள் அவன் வரவில்லை. அதற்கப்புறமும் அவன் வரவே இல்லை, ஒன்றரை மாதம் கழித்து அவள்தான் பேசுகிறாள். சொன்ன பேச்சைக் கேட்டு வராமல் இருந்த நாயகனைத் தமிழ்க் கதைகளில் நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு நெருடியது வேறு இடம். அவள் நம்பரை அவன் கம்பெனி வாட்ச்மேனிடம் வாங்கி வைத்திருக்கிறான் என்று பின்னால் தெரியவருகிறது, அவளும் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறாள். சிரிக்கிற காரியமா அது? வாட்ச்மேனை இரண்டு வார்த்தையாவது கேட்டிருக்க வேண்டாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பேச்சு முழுவதும் "ஏனுங்", "என்றவளே", "அக்கட்ட", "ஒறம்பரை" என்று கொச்சையாக இருக்கிறது. மற்ற மாவட்டத்தார் எப்படிப் படிப்பார்கள்? நல்ல தமிழில் காதல் வராதா?
– தாராபுரம் வாசகர்

ஐயா, கொங்குப் பேச்சை வைத்து ஆர். சண்முகசுந்தரம் "நாகம்மாள்" எழுதியது 1942-ல். அதைத் தமிழின் முதல் வட்டார நாவல் என்று பலரும் சொல்கிறார்கள், மற்ற மாவட்டத்துக்காரர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். ஒறம்பரை வந்திருக்குது என்றால் வீட்டில் அடுப்பு எரிகிற வாசனையே வருகிறது, "உறவினர்கள் வருகை புரிந்துள்ளனர்" என்றால் கல்யாண மண்டபத்து மைக் ஞாபகம்தான் வருகிறது. ஆனால் உங்கள் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. ஆசிரியர் பேச்சுவழக்கைத் தாளிப்பு மாதிரி மேலே கொட்டியிருக்கிறார். நம்மில் யார் யாருக்கு "ங்க" போடுவார்கள் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு, அக்கா சொந்தத் தம்பியிடம் கோபத்தில் "போடா" என்பாளே தவிர "போங்க" என்பாளா? அம்மாவைப் பெற்றவள் ஓரிடத்தில் அம்மிச்சியாக இருக்கிறாள், இருபது பக்கம் தாண்டிப் பாட்டியாகிவிடுகிறாள். பிழை திருத்தியவர் வேறு ஊர்க்காரராக இருக்கும்.

கேள்வி: எனக்கு வயது 54. மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பேரேட்டுக்குள் வைத்து முழுதும் படித்துவிட்டேன். ஆம்பிளைகள் இதையெல்லாம் படிக்கலாமா?
– ஈரோடு வாசகர்

படித்து முடித்துவிட்டுத்தானே கேட்கிறீர்கள்! அன்றைய கணக்கை மட்டும் இன்னொரு தடவை கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஓடிப்போகத் திட்டம் போடும் இடத்தில் தோழி, "முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டுவாங்க, அதுக்குள்ள வீட்டுக்குத் தெரிஞ்சுரும்" என்று பயமுறுத்துகிறாள், அதனால் திட்டத்தையே விடுகிறார்கள். இது உண்மையா? கதைக்காகவா?
– சத்தியமங்கலம் வாசகி

1954-ஆம் வருட சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் நோட்டீஸ் இருக்கிறது, அது உண்மை. ஆனால் இவர்கள் இரண்டு பேரும் இந்துக்கள், சாதிதான் வேறு. அந்தச் சட்டத்தின் பக்கமே இவர்கள் போக வேண்டியதில்லை. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் சட்டமன்றத்தில் நிறைவேற்றி இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவின்படி, நண்பர்கள் முன்னால் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ கல்யாணம்தான், புரோகிதர்கூட வேண்டாம். ஊரறியச் செய்ய வேண்டும் என்றும் கட்டாயமில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் 90 நாளுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டு மேஜர்கள் விரும்பிக் கட்டிக்கொள்வதில் குடும்பமோ ஊர்ப் பஞ்சாயத்தோ தலையிட முடியாது என்று 2018-லும் அதே நீதிமன்றம் சொல்லி, மிரட்டல் இருப்பவர்களுக்காக மாவட்டம்தோறும் தனிப்பிரிவு வைக்கவும் உத்தரவிட்டது. அவசரத்துக்குப் பெண்கள் 181-ஐ அழைக்கலாம். ஆசிரியர் ஒரு வக்கீலிடம் பத்து நிமிஷம் பேசியிருந்தால் இந்த அத்தியாயமே வேறு மாதிரி ஆகியிருக்கும். வேண்டாம் என்றுதான் பேசாமல் விட்டாரோ என்றும் ஒரு சந்தேகம்.

கேள்வி: எல்லோரும் குறை சொல்கிறார்கள். எனக்கு முடிவு ரொம்பப் பிடித்தது. சிவன்மலை முருகன் அப்பாவின் கனவில் வந்து சொல்ல, அப்பா மனம் மாறுவது மெய்சிலிர்க்க வைத்தது. உங்களுக்குப் பிடித்ததா இல்லையா, நேராகச் சொல்லுங்கள்.
– காங்கேயம் வாசகி

பிடிக்கவில்லை. சிவன்மலைக்கு வருஷம் தவறாமல் படியேறுகிறவள் சொல்கிறேன். ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் பக்தர் கனவில் வந்த பொருளை வைப்பார்கள், அதுவும் கனவு கண்டவர் சொன்னதற்காக மட்டும் அல்ல, சாமியிடம் பூ வைத்து உத்தரவு கேட்ட பிறகுதான். மண்ணோ, மஞ்சளோ, தண்ணீரோ, ஏதோ ஒரு பொருள். சம்பந்தம் பேச முருகன் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதுகூடப் போகட்டும், கதைதானே. என் ஆதங்கம் பேப்பர் கப் பற்றியது. ஐம்பதாம் பக்கத்துக்குப் பக்கத்தில், போர் போடுகிற ராத்திரி, அம்மிச்சி எல்லோருக்கும் டீ கொண்டுவருகிறாள். "எந்த ஊருங்க தம்பி? ஊருக்குள்ளயா, அக்கட்டயா?" என்று ஒவ்வொருத்தராகக் கேட்டுக்கொண்டே ஊற்றுகிறாள். அக்கட்ட என்றால் அந்தப் பக்கம், சாதியைச் சுற்றிவளைத்துக் கேட்கிறாள். மற்ற பையன்களுக்கு எவர்சில்வர் டம்ளர். இவன் பதில் சொன்னதும் கை அப்படியே திரும்பி பேப்பர் கப்பை எடுக்கிறது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் குடித்துவிட்டு, கப்பை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறான். அவள் அதைப் பார்க்கிறாள். அதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் உங்களுக்கெல்லாம் பரிந்துரைத்தேன். இப்படி ஒரு தடையைக் கண்ணெதிரே நிறுத்தியவர் அப்புறம் என்ன செய்கிறார்? போன் ஸ்விட்ச் ஆஃப், அவளுக்குச் சந்தேகம், அவனுக்குக் கோபம் என்று நூறு பக்கம் சண்டை போடவிடுகிறார், சண்டை தீர்ந்ததும் கனவு, கனவு தீர்ந்ததும் மாங்கல்யம். தடை சாதி என்பதையே மறந்துவிட்டோம் அல்லவா? அந்த மறதிதான் அவருக்கு வேண்டியிருந்தது. புருஷனை இழந்த ஒருத்தியின் ஆசையையும் காட்டுப் பங்குச் சண்டையையும் எழுதிய நாகம்மாள் ஆசிரியர் கனவை அனுப்பி யாரையும் காப்பாற்றவில்லை, அதுவும் 80 வருஷத்துக்கு முன்னால். இவர் பயந்துவிட்டார். நம் ஊரில் பயப்பட காரணம் இல்லாமல் இல்லை, அதனால் திட்ட மனம் வரவில்லை, ஆனாலும் கல்யாணப் பந்தியில் அம்மிச்சி அவனுக்கு எதில் தண்ணீர் வைத்தாள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒப்புட்டு, கச்சாயம், அரிசிம்பருப்பு என்று ஒரு பக்கம் முழுக்கச் சாப்பாட்டை எழுதியவருக்கு டம்ளர் மட்டும் கண்ணில் படவில்லை.

கேள்வி: இந்தப் புத்தகத்தை ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்தேன். காரணம் உங்களுக்குப் புரியும். ஒரு வாரத்தில் படித்து முடித்தார்கள். சந்தகை பிழிந்துகொண்டே, "அந்தக் கிழவி பேப்பர் கப்புல குடுத்தது தப்பு" என்று மட்டும் சொன்னார்கள். வேறு எதுவும் பேசவில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது அக்கா?
– கோபி வாசகி

உங்கள் அம்மா என்னைவிட நல்ல வாசகி. சம்மதம் என்று இப்போதே எடுத்துக்கொள்ளாதீர்கள், அப்பாவிடமும் போய்விடாதீர்கள். இன்னொரு நாள் அப்பா தோட்டத்துக்குப் போன நேரமாகப் பார்த்து, அம்மாவிடம் அவர் பெயரை, ஊரை, மற்றதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். காபி நீங்கள் போடாதீர்கள். அம்மா போட்டுக் கொண்டுவரட்டும்.