97 மார்க், வாயில் ஒரு வார்த்தை இல்லை

கேள்வி: என் மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாவது வரை தமிழ் எடுத்தவள், மார்க் அள்ளலாம் என்று எல்லோரும் சொன்னதால் பிரெஞ்சுக்கு மாறினாள். காலாண்டில் 97. போன மாதம் பாண்டிச்சேரி கடற்கரையில் ஒரு பிரெஞ்சுப் பாட்டி சிரித்துக்கொண்டே இவளிடம் ஏதோ கேட்க, என் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து 'பிரெஞ்சு செம போர்மா' என்கிறாள். பிடித்துப் படிக்க வைப்பது எப்படி?
(ஒரு வாசகி, சேலம்)

பதில்: முதலில் அவளைத் திட்டாதீர்கள். பரீட்சை கேட்டதை அவள் கொடுத்துவிட்டாள்: கோடிட்ட இடத்தை நிரப்பு, வினைச்சொல்லை மாற்று, நண்பனுக்குப் பத்து வரியில் கடிதம் எழுது. பேசு என்று யாருமே கேட்கவில்லையே. மாவில் கை வைக்காமல் பரோட்டா செய்முறையை மனப்பாடம் செய்தால் போர் அடிக்காமல் என்ன செய்யும்?

அந்த 97-ஐயே பிரெஞ்சில் சொல்லச் சொல்லுங்கள். 'கத்ர்-வேன்-தி-செத்', அதாவது நாலு இருபது, பத்து, ஏழு. சிரிப்பு வரும். வந்ததும் நம்ம தொண்ணூறு மட்டும் ஒழுங்கா என்று கேளுங்கள். எட்டிலிருந்து எண்பது வந்த மாதிரி ஒன்பதிலிருந்து ஏதாவது வரவேண்டிய இடத்தில் நூறு வந்து உட்கார்ந்திருக்கிறது. மொழி என்றால் இப்படிக் கோணல்மாணலாகத்தான் இருக்கும், அந்தக் கோணலில்தான் சுவாரசியமே.

இன்னொன்று, பள்ளியில் பிரெஞ்சை ஆங்கிலம் வழியாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ', அதனால் பிரெஞ்சின் 'த்யூ', 'வூ' இரண்டும் மனப்பாடம் செய்யவேண்டிய விதியாகிவிடுகின்றன. நமக்கு எதற்கு விதி? அது நீ, நீங்கள், அவ்வளவுதான். அம்மாவிடம் நீ, டீச்சரிடம் நீங்கள், அங்கேயும் அப்படியே. சூரியன் ஆண், நிலா பெண் என்பதும் அவளுக்குப் புதிதாக இருக்காது (பக்கத்து நாட்டு ஜெர்மனில் அது தலைகீழ், சூரியன்தான் பெண்). மேஜை பெண்பால் என்பதற்கு மட்டும் என்னிடம் சமாதானம் கிடையாது, நமக்கு அது அஃறிணை, சும்மா பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

என் அண்ணன் மகன் ஒருநாள் விளையாட்டாக அண்ணியின் செல்போனை பிரெஞ்சுக்கு மாற்றிவிட்டான், திரும்ப மாற்றத் தெரியவில்லை. செட்டிங்ஸ் எங்கே என்று தேடினால் 'பராமெத்ர்' என்று இருக்கிறது, அண்ணி வேறு தலைமேல் நின்று கத்துகிறார், இவன் அவசரத்தில் எதையோ தொட, கோயில் போட்டோ எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று போன் கேட்கிறது. 'சுப்ரிமே', 'அன்யூலே' என்று இரண்டு பொத்தான். ஒன்று அழி, இன்னொன்று வேண்டாம். எது எது? அவன் அன்றைக்குக் கற்ற 'அன்யூலே' இந்த ஜென்மத்துக்கும் மறக்காது. உங்கள் மகள் அவளுடைய போனிலேயே ஒரு வாரம் இதைச் செய்யட்டும், உங்கள் போன் வேண்டாம்.

மார்க் இல்லாமல் மனசு ஆறாது என்றால் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு இருக்கிறது. மொத்தம் 100, கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது நாலுக்கும் தலா 25. பேசுவதில் 5 கூட வராவிட்டால் மற்றதில் எவ்வளவு அள்ளினாலும் பாஸ் கிடையாது. ஆரம்ப நிலையான ஏ1-இல் ஆரம்பிக்கலாம், அவசரமே இல்லை.

நீங்களும் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். சாப்பாடு தயாரானதும் பிரெஞ்சு வீடுகளில் 'ஆ தாப்ல்!' என்று கூப்பிடுவார்கள், மேஜைக்கு வா என்று அர்த்தம். இன்று ராத்திரி தோசைக்குக் கூப்பிட்டுப் பாருங்கள், முதல் வேலையாக உங்கள் உச்சரிப்பைத் திருத்துவாள். திருத்தட்டும், அதுவும் பேச்சுதானே.

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகன் அனிமே பார்த்துப் பார்த்து ஜப்பானிய மொழி கற்கவேண்டும் என்கிறான். வீண் வேலையா?
(ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: இல்லை சார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது அவ்வளவு அந்நியமும் இல்லை, வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில்தான் வரும். 'தபெத்தே' என்றால் சாப்பிட்டு, 'மிதே' என்றால் பார். 'தபெத்தே மிதே'? சாப்பிட்டுப் பார்! ஆங்கிலத்தில் இதை இப்படிச் சொல்லவே முடியாது. 'கோரே, சோரே, ஆரே' என்று சுட்டுவதற்கு மூன்று சொல். நாம் இது, அது என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டோம், யாழ்ப்பாணத்தில் கேட்பவர் பக்கம் இருப்பதைச் சுட்டும் 'உது' இன்னும் இருப்பதால் அவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கஷ்டம் எழுத்தில் இருக்கிறது, பேப்பர் படிக்க ஏறக்குறைய 2,000 சித்திர எழுத்து வேண்டும், அதை இப்போதே சொல்லி மிரட்ட வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: அனிமே நாயகன் எதிரியை 'ஒமாயே' என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, வகுப்புக்குப் போய் ஆசிரியரை அப்படிக் கூப்பிட்டால், நம்ம ஊரில் வாத்தியாரை 'டேய்' என்ற மாதிரி ஆகிவிடும்.