அன்று தள்ளிப்போட்டோம், இன்னும் தள்ளிப்போடுகிறோம்

கேள்வி: எனக்கு வயது 36. 2019 கடைசியில் திருமணம். சில மாதங்களிலேயே கொரோனா வந்துவிட்டது. கணவருக்கு வேலை போனது. மாமனார் அந்த நோயில் இறந்துபோனார். அப்போது குழந்தை வேண்டாம் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். இன்று வேலை, வருமானம் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் பேச்செடுத்தால், "இன்னொரு தொற்று வந்தால் என்ன செய்வது?" என்கிறார் கணவர். எனக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. "லாக்டவுனில் ஊர் உலகமே குழந்தை பெற்றுக்கொண்டது, நீங்கள்தான் பயந்துகொண்டு இருந்துவிட்டீர்கள்" என்று மாமியார் சொல்லிக்காட்டுகிறார். நாங்கள் செய்தது தவறா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தவறே இல்லை, சகோதரி. உங்கள் மாமியார் சொல்வதுபோல் உலகம் நடந்துகொள்ளவும் இல்லை.

2020 தொடக்கத்தில் பலர் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள், ஒன்பது மாதத்தில் பிரசவ வார்டுகள் நிரம்பிவிடும் என்றார்கள். இது பழைய நம்பிக்கை. 1965 நவம்பரில் நியூயார்க் நகரம் ஓர் இரவு மின்சாரம் இல்லாமல் கிடந்தது. ஒன்பது மாதம் கழித்துப் பிறப்புகள் கூடிவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. ரிச்சர்ட் உட்ரி என்ற மக்கள்தொகை ஆய்வாளர் பிறப்புக் கணக்கை எடுத்துப் பார்த்தார். அப்படி எதுவும் நடந்திருக்கவில்லை. கொரோனாவிலும் பல நாடுகளில் நேர்மாறாகத்தான் ஆனது. 2021 ஜனவரியில் பிரான்சில் பிறந்த குழந்தைகள் முந்தைய ஜனவரியைவிட சுமார் 13 சதவீதம் குறைவு. ஸ்பெயினில் சுமார் 20 சதவீதம். 2020-இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், குழந்தையைத் தள்ளிப்போட வேண்டும், அல்லது குறைவாகப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று மூன்றில் ஒரு பெண் சொன்னார். வேலை நிலைக்குமா, பிரசவ நேரத்தில் கணவரை உள்ளே விடுவார்களா, ஒத்தாசைக்கு அம்மா வந்துசேர முடியுமா என்று எதுவுமே தெரியாத காலம் அது. வருமானம் போனாலும் அரசு தாங்கிப்பிடிக்கும் என்ற தெம்பு இருந்த நார்வேயிலும் பின்லாந்திலும் 2021-இல் பிறப்புகள் கூடவே செய்தன. வேலையும் போய், வீட்டில் ஒரு சாவும் நடந்த நீங்கள் 'பொறுப்போம்' என்று நினைத்ததில் என்ன தப்பு?

இப்படிப் பொறுத்தவர்கள் முன்பும் உண்டு. 1918-இல் உலகெங்கும் பரவிய இன்ஃபுளுயன்சா காய்ச்சலுக்குப் பிறகு 1919-இல் பல நாடுகளில் பிறப்பு சரிந்தது; 1920-இல் எழும்பியது. முதல் உலகப்போரில் சேராத நார்வேயிலும் அப்படியே நடந்ததால், வீரர்கள் ஊர் திரும்பியது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தத் தலைமுறைப் பெண்கள் பெரும்பாலும் இளம் வயதிலேயே பிள்ளை பெறத் தொடங்கினார்கள், ஒன்றிரண்டு வருடம் தள்ளிப்போனாலும் ஈடுகட்ட முடிந்தது. உங்கள் நிலைமை அப்படியில்லை என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். முப்பதுகளின் நடுவிலிருந்து கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. 35 வயதுக்கு மேல் ஆறு மாதம் முயன்றும் கரு தங்காவிட்டால் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார்கள். அதற்குக் கீழே என்றால் ஒரு வருடம் பொறுக்கலாம். உங்களுக்கு ஆசை இருப்பதால், முயல்வதற்கு முன்பே ஒருமுறை இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் போய்வாருங்கள். பரிசோதனைக்குப் போனால் குழந்தைக்குச் சம்மதித்துவிட்டதாக அர்த்தமில்லை என்று கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அவருடைய பயத்துக்கு ஒரு பகுதி பதில் மருத்துவத்திலேயே இருக்கிறது. கர்ப்பிணிகளுக்குக் கொரோனா வந்தால் நோய் கடுமையாவதும் குறைமாதப் பிரசவம் ஆவதும் கூடுதல் என்பது உண்மைதான். தடுப்பூசி அந்த ஆபத்தைக் குறைத்தது, கருத்தரிப்பைக் கெடுக்கவில்லை. 2020 மார்ச்சில் யாருக்கும் இது தெரியாது. இன்னொரு தொற்று வரவே வராது என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் அன்றுபோல் மருத்துவர்கள் முற்றிலும் இருட்டில் தொடங்க வேண்டியதில்லை.

ஆனால், "இன்னொரு தொற்று வந்தால்?" என்று அவர் கேட்கும்போது மருத்துவ விவரமா கேட்கிறார்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பாவையும் வேலையையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த மனிதர். வீட்டுக்கு இன்னொரு உயிர் வந்தால், இழக்கப் பயப்படவும் இன்னொன்று வந்துவிடும் என்று அவர் மனம் கணக்குப் போடலாம். அதனால் ஒரு நாள் குழந்தைப் பேச்சை விட்டுவிட்டு, அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். கடைசி நாட்களில் என்ன நடந்தது, எதைச் செய்ய முடியாமல் போனது என்று அவரே சொல்லட்டும். நடுவில் சமாதானம் சொல்லாதீர்கள். அவரால் பேசவே முடியவில்லை என்றால், மனநல ஆலோசகரிடம் போக நீங்களும் கூட வருவதாகச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒரு தேதி வையுங்கள். இரண்டு மாதமோ மூன்று மாதமோ, உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள். அன்று இருவரும் சேர்ந்து, முயல்வோம் என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்பதும் முழுமையான முடிவுதான், குழந்தை இல்லாமலும் நிறைவாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கவலை எங்கே என்றால், 2020-இல் இருவரும் பேசி எடுத்த முடிவு இன்று யாரும் பேசாமலேயே நீண்டுகொண்டு போகிறது. உங்களுக்கு ஆசை இருக்கிறது என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். இதே தெளிவோடு அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா?

மாமியாரைப் பற்றியும் ஒன்று. அவர் பேசுவது வலிக்கிறது, சரி. அவரும் அதே நோயில் கணவரை இழந்தவர். வெறிச்சோடிப்போன வீட்டில் ஒரு குழந்தைச் சத்தம் கேட்காதா என்று ஏங்கலாம். அதற்காக நீங்கள் தினமும் பேச்சு வாங்க வேண்டியதில்லை. அன்று முடிவெடுத்தது இருவரும், காரணம் என்ன என்பதை உங்கள் கணவர்தான் தன் அம்மாவிடம் உட்கார்ந்து சொல்ல வேண்டும். இந்த வாரமே சொல்லச் சொல்லுங்கள்.