நெட்ரினை நோக்கி வர வேண்டிய ஆக்ஸான் விலகிப் போகிறதா?

நெட்ரின்-1 என்பது வளரும் ஆக்ஸான்களுக்கு (நியூரானின் நீண்ட இழைகளுக்கு) வழிகாட்டும் புரதம். தட்டில் வளர்த்த ஆக்ஸான்கள் அதை விட்டு விலகுவதால், அது கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்படுகிறீர்கள். உங்கள் நெட்ரின்-1 கெட்டுப்போகவில்லை. கெட்டிருந்தால் ஆக்ஸான்கள் எந்தப் பக்கமும் திரும்பாமல் போயிருக்கும். தவளைக் கருவின் விழித்திரை நியூரான்கள் எல்லாமே விலகி ஓடுகின்றன என்கிறீர்கள். அப்படியென்றால் சைகை போய்ச் சேர்கிறது. செல்தான் அதைத் தலைகீழாகப் படிக்கிறது.

செல்கள் ஒட்டிக்கொள்ளத் தட்டில் பூசிய லாமினின் என்ற புரதம்தான் காரணமாக இருக்கும். ஈர்ப்பா விலக்கமா என்பதை நெட்ரின் மட்டும் முடிவு செய்வதில்லை, வளர்கூம்புக்குள் (ஆக்ஸானின் வளரும் நுனிக்குள்) அப்போது இருக்கும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சைகை மூலக்கூறின் அளவும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. லாமினின் அந்த அளவைக் குறைத்துவிடும். இதே நியூரான்களில் 1999-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். கண்ணிலும் இதற்கு வேலை இருக்கலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் விழித்திரையின் மேற்பரப்பில் லாமினினும் நெட்ரினும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த விலக்கம்தான் ஆக்ஸானை மேற்பரப்பிலிருந்து நரம்புக்குள் இறக்குகிறது என்று கருதுகிறார்கள்.

சோதித்துப் பாருங்கள்:

1. ஒரே தொகுதிக் கருக்கள், இரண்டு தட்டு. ஒன்றில் பாலி-லைசின் (செல்களை ஒட்டவைக்கும் செயற்கைப் பூச்சு) மட்டும், மற்றதில் லாமினினும். முதல் தட்டில் ஈர்ப்பு திரும்பினால் விடை கிடைத்துவிட்டது.

2. அப்புறம் லாமினின் தட்டில் ஃபார்ஸ்கோலின் என்ற மருந்தைச் சேர்த்து சைக்ளிக் ஏஎம்பியை உயர்த்தி, ஈர்ப்பு திரும்புகிறதா என்று பாருங்கள். நெட்ரின் இல்லாமல் ஃபார்ஸ்கோலின் மட்டும் போட்ட தட்டும் கட்டாயம் வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். கருவின் வயது ஏற ஏற இந்த நியூரான்கள் தாமாகவே ஈர்ப்பிலிருந்து விலக்கத்துக்கு மாறும். பாலி-லைசினிலும் விலகினால் பூச்சை விட்டுவிட்டு இளைய கருக்களை எடுங்கள்.