பிரசவ அறையும் உபுண்டுவும் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நர்சிங் கல்லூரியில் மகப்பேறு செவிலியம் கற்பிக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் செவிலி) பயிற்சிக்குள் ‘உபுண்டு’ என்ற ஆப்பிரிக்கத் தத்துவத்தைக் கொண்டுவருவது பற்றி எழுதியிருந்தீர்கள். மனிதர் மனிதரால்தான் மனிதராகிறார் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டே நர்சுகள் இருக்கும் ஷிஃப்டில் ஆறு பெண்கள் வலியில் துடிக்கும்போது தத்துவம் என்ன செய்துவிடும்? இன்னொன்று, எல்லோரும் சேர்ந்து வாழ்வது என்று ஆரம்பித்தால் கணவரும் மாமியாரும் முடிவெடுக்க, பெற்றவள் வாய்மூடிப் படுத்திருப்பதில்தானே அது முடியும்?

ம., நாகர்கோவில்

அன்புள்ள ம.,

சுவரில் எழுதி மாட்டினால் தத்துவம் எதுவும் செய்யாது. அதைத் தென்னாப்பிரிக்காவே பார்த்துவிட்டது. 1994இல் மண்டேலா அரசு கர்ப்பிணிகளுக்கு இலவச மருத்துவம் தந்தது. 1997இல் மக்களே முதலில் என்று சொல்லும் ‘பாத்தோ பேலே’ கொள்கைகள் எட்டையும் எல்லா அரசு ஊழியர்களுக்கும் விதித்தார்கள். அடுத்த ஆண்டே ரேச்சல் ஜ்யூக்ஸும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில் பெண்கள் சொன்னவை வேறு மாதிரி இருந்தன: பிரசவ வார்டில் திட்டு, அடி, கூப்பிட்டும் யாரும் வராதது. 2011இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு கிழக்கு கேப் மாகாணத்தில் விசாரித்தபோதும் அதே கதைதான்.

ஏன் இப்படி என்று ஜ்யூக்ஸ் ஆய்வு தேடிய இடம்தான் எனக்கு முக்கியம். நிறவெறி ஆட்சியில் கறுப்பினப் பெண்ணுக்கு மதிப்பு தந்த வேலைகள் மிகச் சில. நர்ஸ் வேலை அவற்றில் ஒன்று. அந்த வேலைக்குள்ளும் மேலே வெள்ளையர், அவருக்குக் கீழே இன்னொருவர் என்று படிப்படியான அதிகாரம். மேலிருந்து வாங்கிய அவமானத்தை இறக்கிவைக்கக் கீழே நோயாளி மட்டும்தான் மிஞ்சினாள். தன் தெருவிலிருந்தே வந்த ஏழைப் பெண்ணிடமிருந்து தான் வேறு என்று காட்டிக்கொள்ளவும் அதட்டல் தேவைப்பட்டது. இந்த நர்சுகள் எல்லோரும் கொடியவர்கள் என்று நான் நம்பவில்லை. அவர்களை அந்த வேலை அப்படிப் பழக்கியது.

அதனால் பயிற்சியில் உபுண்டு என்றால், முதலில் மாணவியை எப்படி நடத்துகிறோம் என்று பார்க்க வேண்டும் என்கிறேன். எல்லோர் முன்னாலும் மூத்த நர்சிடம் திட்டு வாங்கும் மாணவி, திட்டுவதும் இந்த வேலையில் ஒரு பாகம் என்று கற்றுக்கொள்கிறாள். முதன்முதலாக இறந்து பிறந்த குழந்தையைக் கையில் வாங்கியவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த படுக்கைக்கு அனுப்பினால், மனதை மூடிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறாள். இதற்குப் பிறகு கருணை பற்றி வகுப்பெடுத்து என்ன பயன்? அப்படிப்பட்ட பிரசவத்துக்குப் பின் ஆசிரியை அவளோடு பத்து நிமிடம் உட்கார வேண்டும். எண்ணிக்கைக்காகப் பல பிரசவங்களில் குழந்தை வெளிவரும் நேரத்துக்கு மட்டும் வந்து நிற்பதை விட, ஒரே பெண்ணுடன் வார்டில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பால் குடிக்கும் வரை இருப்பதற்கு மதிப்பெண் தர வேண்டும்.

ஆள் பற்றாக்குறை உண்மை. ஆனால் ஆறு பெண்கள் பக்கத்திலும் அந்த இரண்டு நர்சுகளேதான் இருக்க வேண்டுமா? ஜோகன்னஸ்பர்க் கொரோனேஷன் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவர் ஜஸ்டஸ் ஹாஃப்மெயரின் குழு ஒரு சோதனை நடத்தி 1991இல் வெளியிட்டது. மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லாத உள்ளூர்ப் பெண்கள் பிரசவ வலியில் இருந்தவர்களுக்குத் துணையாக இருந்தார்கள். துணை கிடைத்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, ஆறு வாரம் கழித்துத் தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்களும் அவர்களில் அதிகம். 2018இல் உலக சுகாதார நிறுவனமும் பெண் விரும்பும் துணையை அனுமதிக்கப் பரிந்துரைத்தது. பல வார்டுகளில் இதற்குத் தடை, படுக்கைகளுக்கு நடுவே ஒரு திரைகூட இல்லாததுதான். திரைக்குப் பணம் ஒதுக்காத நிர்வாகம் நர்சுக்கு உபுண்டு பாடம் எடுப்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

இரண்டாவது சந்தேகம் இன்னும் கனமானது. உபுண்டுவின் பெயரால் பெண்ணை அடக்க முடியும், அடக்குகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் 1995இல் மக்வன்யானே வழக்கில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் மரண தண்டனையை ரத்து செய்ததை நினைத்துப் பாருங்கள். நீதிபதிகள் பலர் உபுண்டுவை எடுத்துச் சொன்னார்கள். ஊரே தூக்கில் போடு என்றாலும் கொலைகாரனும் மனிதன்தான் என்பதற்கு அது அங்கே துணை நின்றது. ஒரு தனி மனிதரை ஊரின் கையிலிருந்து காக்கவும் அதற்குத் தெரியும். 1996இன் கருக்கலைப்புச் சட்டமும் பெண்ணின் சம்மதம் போதும், கணவர் கையெழுத்து வேண்டாம் என்கிறது.

ஆகவே, யார் கூட இருக்க வேண்டும் என்று பெண்ணைத் தனியாக வைத்துக் கேட்பது மிட்வைஃபின் கடமை. மாமியார் வேண்டாம் என்றால் மாமியார் வெளியேதான். அதை மாமியாரிடம் மரியாதையாக, பெண்ணைக் காட்டிக்கொடுக்காமல் சொல்ல மாணவிக்குப் பயிற்சி வேண்டும். வகுப்பில் நடித்துக்கூடப் பழகலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவிகள் கேஸ் புக்கில் ஒவ்வொரு பிரசவத்துக்கும் கீழே, அந்தப் பெண் என்ன கேட்டாள், அதற்கு யார் என்ன பதில் சொன்னார்கள் என்று இரண்டு வரி எழுதட்டும். ஒரு பருவம் இதைச் செய்து பார்த்துவிட்டு, என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.