விடிகாலை வியர்வையும் உளறலும்

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிடுகிறார். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.9. சமீபமாகப் பெயர்கள் மறக்கின்றன, சாவியைத் தேடுகிறார். இரண்டு முறை விடிகாலையில் நைட்டி நனைய வியர்த்து, சம்பந்தமில்லாமல் பேசினார். காபி கொடுத்து அரை மணியில் தெளிந்தார். அல்சைமர் என்ற மறதி நோய்தான் 'டைப் 3 சர்க்கரை நோய்' என்று யூடியூபில் பார்த்தேன். தேங்காய் எண்ணெயும் பட்டைப் பொடியும் கொடுக்கிறேன். மரபணுப் பரிசோதனை செய்யலாமா?

பதில்: காபி குடித்து அரை மணியில் தெளிகிற அல்சைமர் கிடையாது. நீங்கள் சொல்வது பெரும்பாலும் லோ சுகர், அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது. இன்றிரவு மாத்திரை கொடுப்பதற்கு முன்பே உங்கள் மருத்துவரைப் போனில் பிடித்து இதைச் சொல்லுங்கள். கிளிமிபிரைடைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும்.

5.9 என்றதும் வீட்டில் எல்லோரும் மெச்சியிருப்பீர்கள். கிளிமிபிரைடு சாப்பிடும் 68 வயதுக்காரருக்கு அது நல்ல மார்க் அல்ல. இந்த வயதில் 7 முதல் 7.5 போதும், வேறு நோய்களும் சேர்ந்திருந்தால் 8 வரைகூட விடலாம். அம்மா சாப்பிட்டாரா இல்லையா என்று இந்த மருந்து பார்க்காது, கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். இரவில் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டால் விடிகாலையில் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போகும். வயதாக ஆகச் சிறுநீரகம் மந்தமாகி மருந்து உடம்பில் அதிக நேரம் தங்குவதால், பத்து வருடம் ஒத்துப்போன அளவே இப்போது அதிகமாகிவிடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தே தீர வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு அடினோலால், மெட்டோபிரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் அமுங்கிவிடும், வியர்வைதான் காட்டிக்கொடுக்கும்.

மருந்தை மாற்றும்வரை சில நாள் படுக்கும் முன்பும் விடிகாலை 3 மணிக்கும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். மறுபடி உளறினால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் 3 டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். காபியில் போடும் சர்க்கரை வேண்டாம்: அதைக் குடலில் உடைக்கும் நொதியைத்தான் வோக்லிபோஸ் தடுக்கிறது. காபி அரை மணி எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்த பிறகும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், ஏனென்றால் கிளிமிபிரைடு பல மணி நேரம் கழித்தும் திரும்பச் சர்க்கரையை இறக்கும். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

'டைப் 3' என்பது பிரவுன் பல்கலைக்கழகத்தின் சூசன் டி லா மான்டே குழு 2005-ல் முன்வைத்த கருத்து. அல்சைமரால் இறந்தவர்களின் மூளைத் திசுவில் இன்சுலின் சமிக்ஞை குன்றியிருந்ததை அவர்கள் கண்டார்கள். இன்சுலினைச் சிதைக்கும் நொதியே அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தையும் சிதைக்கிறது என்பதும் உண்மை. ஆராய்ச்சிக்கு நல்ல துப்புதான், ஆனால் அப்படி ஒரு நோயை எந்த மருத்துவரும் சீட்டில் எழுதுவதில்லை. மூக்கு வழியாக இன்சுலின் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையும், 2025-ல் முடிவு வந்த, செமாகுளுடைடு என்ற சர்க்கரை மருந்தின் சோதனைகளும் நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பது சரி. கடுமையான லோ சுகர் வந்துபோன முதியவர்களிடமும் அது கூடுதலாகவே காணப்படுகிறது. இதை யூடியூப்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

மரபணுப் பரிசோதனை வேண்டாம். அல்சைமர் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஇ 4 மரபணு இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்றில்லை, இல்லாவிட்டாலும் வரலாம். அம்மாவின் சிகிச்சையும் மாறாது. தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி, கெட்ட கொழுப்பையும் ஏற்றும். பட்டை சிலருக்குச் சர்க்கரையை இன்னும் இறக்கும். இரண்டையும் இன்றே நிறுத்துங்கள்.

சாவி தேடுவதும் பெயர் நாக்கு நுனியில் நிற்பதும் வயதோடு வருவது. பழகிய தெருவில் வழி தவறினாலோ, நாற்பது வருடமாக வைக்கும் சாம்பாரில் அடுத்து என்ன போடுவது என்று தடுமாறினாலோ நரம்பியல் நிபுணரிடம் காட்டுங்கள். அதற்கு முன் ரத்தத்தில் வைட்டமின் பி12 பாருங்கள். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அது குறையும், குறைந்தால் மறதியும் கால் எரிச்சலும் வரும். 200-க்குக் கீழே என்றால் ஊசியோ மாத்திரையோ தேவை. ரத்தம் கொடுக்கும் முன் கடையில் பி காம்ப்ளெக்ஸ் வாங்கி விழுங்க வைக்காதீர்கள். அளவு பொய்யாக ஏறி, குறைபாடு மறைந்துவிடும்.