விஸ்கஸ் ஃபான் கழற்றுவது: கேட்டவர்களுக்குப் பதில்

டீசல் எஞ்சின் வேலையை, போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலத்தில் வன்னியில்தான் பழகினேன். விஸ்கஸ் ஃபான் என்பது றேடியேற்றருக்குக் காற்று இழுக்கிற, உள்ளே எண்ணெய் உள்ள கிளச் ஒன்றின் வழியாக எஞ்சின் சுற்றுகிற ஃபான். அதை வீட்டில் கழற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முழங்காவில், ஹைலக்ஸ் 3எல்: அண்ணை, வீட்டு முற்றத்தில் வைத்தே கழற்றலாமா? என்னென்ன சாமான் வேணும்?

தாராளமாகக் கழற்றலாம் தம்பி. 10, 12 ஸ்பனர், ஒரு தடித்த காட்போட் மட்டை, அவசரப்படாத ஒரு காலை நேரம், இவ்வளவும் போதும். இரவு முழுக்க எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். திறப்பைக் கையில் எடுங்கள், பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள்.

முதலில் மட்டை. றேடியேற்றரின் அளவுக்கு வெட்டி, ஃபானுக்கும் அதற்கும் நடுவே இறக்குங்கள். ஸ்பனர் ஒருமுறை வழுக்கினால் போதும், அந்தத் தகட்டு வரிசை நசுங்கிவிடும். அது நகத்தால் அழுத்தினாலே மடங்குகிற தகடு. மட்டை வைக்காமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

பிறகு ஃபானைச் சுற்றியுள்ள கவரின் போல்ட்டுகளைக் கழற்றி, கவரை எஞ்சின் பக்கம் தள்ளி விடுங்கள். உங்கள் வாகனத்தில் ஃபான் கிளச் நாலு நட்டில்தான் நிற்கிறது. பலர் முதலில் பெல்ற்றைக் கழற்றிவிட்டு, புள்ளி (பெல்ற் ஓடுகிற சக்கரம்) கூடவே சுற்றுகிறதே என்று மல்லுக்கட்டுவார்கள். பெல்ற் இறுக்கமாக இருக்கும்போதே நாலு நட்டையும் இளக்குங்கள். ஒரு கையால் பெல்ற்றை அழுத்திப் பிடித்தால் புள்ளி அசையாது. நாலும் இளகியபின் பெல்ற்றைத் தளர்த்தி, நட்டுகளை முழுதாக எடுத்து, ஃபானையும் கவரையும் சேர்த்து மேலே தூக்குங்கள்.

எடுத்த ஃபானைப் படுக்க வைக்க வேண்டாம். வாகனத்தில் நின்ற மாதிரியே சுவரோடு நிமிர்த்தி வையுங்கள். படுத்தால் உள்ளே இருக்கும் சிலிக்கன் எண்ணெய் கசிந்து போகலாம்.

ஒட்டுசுட்டான், டிஸ்கவரி 300 டிடிஐ: நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுத்தான். நாலடிப் பைப் போட்டு இழுத்தும் அசையவில்லை.

நல்ல காலம், அசையவில்லை. நீங்கள் இறுக்கிக்கொண்டு இருக்கிறீர்கள்.

அது 32 மில்லிமீற்றர் நட்டு, இடப்புரி. வாகனத்தின் முன்னால் நின்று பார்த்தால், மணிக்கூட்டு முள் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழரும். ஏன் அப்படி வைத்தார்கள் என்று விளங்கினால் பிறகு மறக்காது. எஞ்சின் ஃபானைச் சுற்ற, காற்று அதைப் பின்னுக்குப் பிடிக்கிறது. அந்தப் பின்னிழுப்பு நட்டை இறுக்க வேண்டுமே தவிர இளக்கக் கூடாது. ஆகவே நடுநட்டு வகை எதுவானாலும், எஞ்சின் ஓடும்போது ஃபான் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கமே திருப்பிக் கழற்றுங்கள்.

பைப்பைத் தூரப் போடுங்கள். மெல்லிய ஸ்பனர்தான் அந்த இடுக்கில் போகும். கிடைக்காவிட்டால் வெல்டிங் கடையில் இரும்புத் தகட்டில் வெட்டுவிக்கலாம். புள்ளியின் இரண்டு போல்ட் தலைகளுக்கு நடுவே ஒரு பட்டை இரும்பைக் கொடுத்துப் பிடியுங்கள். ஸ்பனரின் நுனியில் சுத்தியலால் 'டக்' என்று ஒரு அடி. மெல்ல மெல்ல இழுப்பதை விட அந்த ஒரு அடிக்கு நட்டு மசியும். திரும்பப் பூட்டும்போது மிதமாக இறுக்கினால் போதும், ஓடும்போது தானே இறுகும். மட்டையை வைத்தீர்களா?

விசுவமடு: ஃபான் நட்டு வலமா இடமா?

மேலே ஒட்டுசுட்டான்காரருக்குச் சொன்னதுதான்.

மாங்குளம், டொல்பின் வான்: ஏ9 வீதியில் 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது சூடு ஏறுகிறது. முறிகண்டியில் நிறுத்தி, தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு வர ஆறிவிடுகிறது. ஃபான்தானே பழுது?

அநேகமாக இல்லை தங்கச்சி. அந்த வேகத்தில் எதிர்க்காற்றே றேடியேற்றருக்குப் போதும். மெதுவாக, பாரத்தோடு, கிறவல் றோட்டில் போகும்போது சூடேறினால்தான் ஃபானைச் சந்தேகிக்க வேண்டும். உங்களுடையதில் முதலில் றேடியேற்றரைப் பாருங்கள். அறுவடை முடிந்த கையோடு நெற்பதரும் புழுதியும் தகடுகளுக்குள் அடைத்து நிற்கும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைதான் குழாய்க்குள்ளும் படிகிறது. கூலன்ற் ஊற்றுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே வேண்டாம், கொதிநீர் முகத்துக்கு வரும்.

பூநகரி: நிற்கும்போது கையால் சுற்றினால் சுற்றுகிறது. பழுதா?

சுற்றத்தான் வேண்டும், ஆனால் தேனுக்குள் கரண்டியைச் சுற்றுவது போல ஒரு பிடிப்பு இருக்க வேண்டும். கையால் ஒருமுறை தட்டியதற்கே நாலைந்து சுற்று ஓடினால் எண்ணெய் போய்விட்டது. அசையவே மறுத்தால் உள்ளே இறுகிவிட்டது. முன் நடுவில் ஒரு உலோகச் சுருள் தெரியும். றேடியேற்றரைத் தாண்டி வரும் காற்று சூடானதும் அது வளைந்து உள்ளே வழி திறக்க, எண்ணெய் கிளச்சின் தட்டுகளுக்கு நடுவே ஓடி ஃபானைப் பிடிக்கும். அந்தச் சுருளைச் சுற்றிப் புழுதி ஈரமாக ஒட்டியிருந்தால் கசிவு. காலையில் முதல் நிமிடம் ஃபான் இரைந்து பிறகு அடங்குவது பழுதல்ல.

வவுனியா, வாகன்ஆர்: என் ஃபான் சுற்றவில்லை.

உங்களுடையது மின்ஃபான். வயறிங் வேலை செய்பவரிடம் காட்டுங்கள்.

புதுக்குடியிருப்பு, லொறிக்கார ஐயா: இவ்வளவு பாடு எதற்கு? கிளச்சில் துளை போட்டு ரெண்டு போல்ட் இறுக்கினால் ஃபான் எப்போதும் சுற்றும். நான் எட்டு வருடம் அப்படித்தான் ஓடினேன்.

ஐயா, நானும் செய்தவன். மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டிய காலத்தில் கிளச்சுக்கு எங்கே போவது? அன்று அது வாகனத்தைக் காப்பாற்றியது. இன்று கடையில் சாமான் கிடைக்கிறது.

போல்ட் இறுக்கிய ஃபான் எஞ்சினோடு முழு வேகத்தில் சுற்றும். வேகம் இரண்டு மடங்கானால் அது தின்னும் சக்தி எட்டு மடங்கு. அந்த டீசல் உங்கள் காசு. நல்ல கிளச் வேகம் கூடும்போது கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். அந்த இளக்கத்தை நம்பித்தான் இதழைச் செய்திருக்கிறார்கள்.

பரந்தன்: ஐயா சொல்வது சரி. நானும் இறுக்கிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

ஐயா மறுபடியும்: பார்த்தீர்களா தம்பி.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மாரியில், மதகுக்கு மேல் தண்ணீர் பாய்ந்த பாதையில் போல்ட் இறுக்கிய வாகனம் ஒன்று இறங்கியது. நானும் அதில் இருந்தேன். தண்ணீருக்குள் சுற்றிய ஃபானின் இதழ்கள் முன்னுக்கு வளைந்து றேடியேற்றரைச் சீவின. கூலன்ற் வெள்ளத்தோடு போனது. பின் சீற்றில் காய்ச்சலோடு ஒரு குழந்தை. இரவு ஒன்பது மணி. கிளச் சும்மா இருந்திருந்தால் தண்ணீரின் பாரத்துக்கு வழுக்கிக் கொடுத்திருக்கும். அதன்பிறகு நான் ஒரு கிளச்சிலும் துளை போடவில்லை, யார் கேட்டாலும் போடமாட்டேன்.

பரந்தன்: அப்படியென்றால் காரின் மின்ஃபானைப் போட்டால்?

பாரம் இழுக்கும் டீசலுக்கு அந்தச் சின்ன ஃபானின் காற்றுப் போதாது. போல்ட்டைக் கழற்றி நல்ல கிளச் போடுங்கள். பழையதில் திருகாணி போட்டுத் திறக்கிற வகையானால், சிலிக்கன் எண்ணெய் சின்ன ரியூப்பில் வாங்கி நிரப்பலாம். வேறு எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

ஐயா: நிரப்ப எவ்வளவு தேவை? என்னுடையதைக் கழற்றிக் கொண்டு வரட்டுமா?

கொண்டு வாருங்கள் ஐயா. துளை போட்டது திரும்ப எண்ணெய் பிடிக்காது, ஆனால் வேறு கிளச் பொருத்துவோம். வாட்டர் பம்பையும் ஆட்டிப் பார்க்க வேண்டும், எட்டு வருடம் அந்தப் பாரத்தை அதன் பெயரிங்தான் சுமந்தது.

தருமபுரம்: வலப்பக்கமா இடப்பக்கமா திருப்புவது?

நடுநட்டு வகையானால் ஃபான் சுற்றும் பக்கம். நாலு நட்டு வகையானால் வழக்கமான வலப்புரி, இடப்பக்கம் திருப்பினால் கழரும். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

முழங்காவில் தம்பி திரும்பவும்: கழற்றிவிட்டேன் அண்ணை. ஆனால் தம்பிமார் அதை இரவு படுக்க வைத்துவிட்டார்கள்.

கீழே நிலத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் நிமிர்த்தி ஒரு நாள் விடுங்கள், பிறகு பூட்டலாம். இதழ்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள், அடியில் மயிரளவு வெடிப்புத் தெரிந்தாலும் அந்த ஃபானைப் பூட்டாதீர்கள். மட்டையை இன்னும் எடுக்க வேண்டாம், பூட்டும்போதும் அது அங்கேயே இருக்கட்டும்.