டெக்சஸ் வீட்டு வரி: ஹோம்ஸ்டெட் எக்ஸம்ப்ஷன் பற்றிச் சில கேள்விகள்

டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. அதனால் பள்ளிகளும் கவுண்ட்டிகளும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) நகராட்சிகளும் பெரும்பாலும் சொத்து வரியைத்தான் நம்பியிருக்கின்றன. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு அந்தச் சுமையைக் குறைக்கச் சட்டமே தரும் சலுகைதான் ஹோம்ஸ்டெட் எக்ஸம்ப்ஷன். ஆனால் அது தானாக வராது, விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

சென்ற வருடம் ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கிக் குடிவந்தோம். எச்-1பி விசாவில் இருக்கிறேன், கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. எனக்கு இந்த விலக்கு கிடைக்குமா? எவ்வளவு மிச்சமாகும்?

கிடைக்கும். வீடு உங்கள் பெயரில் இருக்கிறதா, அதில்தான் நிரந்தரமாகக் குடியிருக்கிறீர்களா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. குடியுரிமையைப் பார்ப்பதில்லை. முதல் வேலையாக டிரைவிங் லைசென்ஸில் முகவரியை மாற்றுங்கள். லைசென்ஸில் பழைய அபார்ட்மென்ட் முகவரியே இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். நம்மவர்கள் பலருக்கு வேலை தடைப்படுவது இந்த இடத்தில்தான்.

படிவத்தின் எண் 50-114. அதை உங்கள் கவுண்ட்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில், அதாவது வரிக்காக வீட்டு மதிப்பைக் கணிக்கும் அலுவலகத்தில், கொடுக்க வேண்டும். ஃபிரிஸ்கோ காலின், டென்டன் என்று இரண்டு கவுண்ட்டிகளில் பரவிக் கிடப்பதால், உங்கள் வீடு எதில் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 30க்குள் கொடுப்பது நல்லது.

இப்போது கணக்கு. 2025 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதல் தந்ததால், பள்ளி வரிக்கான விலக்கு 1,00,000 டாலரிலிருந்து 1,40,000 டாலராக உயர்ந்தது. 2025ஆம் வருட வரிக்கே அது பொருந்தும். 5,00,000 டாலர் வீடு என்றால் பள்ளி வரி 3,60,000 டாலருக்குத்தான். பள்ளி வரி விகிதம் 100 டாலருக்கு 1 டாலர் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 1,400 டாலர் மிச்சம். இதற்கு மேல் நகராட்சியும் கவுண்ட்டியும் விரும்பினால் வீட்டு மதிப்பில் 20 சதவீதம் வரை தனியாக விலக்குத் தரலாம். அது ஊருக்கு ஊர் மாறும்.

"உங்கள் ஹோம்ஸ்டெட்டைப் பதிவு செய்து தருகிறோம்" என்று கட்டணம் கேட்டு அரசாங்கக் கடிதம் மாதிரி ஒன்று வந்திருக்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் இதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது.

பக்கத்து வீடும் எங்கள் வீடும் ஒரே பில்டர் கட்டியது, ஒரே அளவு. அவர் எங்களைவிட ஆயிரக்கணக்கில் குறைவாக வரி கட்டுகிறார். ஏன்?

அவர் பல வருடமாக அங்கே குடியிருப்பவர் என்று நினைக்கிறேன். இந்தச் சலுகையின் பெரிய பலனே இதில்தான் இருக்கிறது, பலரும் இதைக் கவனிப்பதில்லை. ஹோம்ஸ்டெட் வீட்டுக்கு வரி போட எடுத்துக்கொள்ளும் மதிப்பை ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. புதிதாக அறை கட்டினால் அதன் மதிப்பு மட்டும் தனியாகச் சேரும். சந்தை மதிப்பு 4,00,000 டாலரிலிருந்து ஒரே வருடத்தில் 4,80,000 டாலர் ஆனாலும், வரிக்கான மதிப்பு 4,40,000 டாலரைத் தாண்டாது. விலை ஏறிக்கொண்டே போன வருடங்களில் இந்த வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து பெரிதாகிவிடும்.

வீடு கைமாறியதும் அந்த வரம்பு போய்விடும், புதியவருக்குச் சந்தை மதிப்பில்தான் கணக்குத் தொடங்கும். ஆகவே பழைய வீடு வாங்கும்போது, விற்பவர் கட்டிய வரியைப் பார்த்து உங்கள் மாதச் செலவைக் கணக்குப் போடாதீர்கள். இந்த ஒரு தவறால் குடும்ப பட்ஜெட் ஆட்டம் கண்ட வீடுகள் நிறைய. இன்னொன்று, வரம்பு உடனே தொடங்காது. 2025 நடுவில் வாங்கியவருக்கு 2026 ஜனவரி 1 முதல் தகுதி என்று கொண்டு, 2027இல்தான் 10 சதவீத வரம்பு வரும்.

செலினாவில் புது வீடு. முதல் வருடம் வரி மிகக் குறைவு. இப்போது மார்ட்கேஜ் கம்பெனி மாதத் தவணையை ஒரேயடியாக ஏற்றிவிட்டது. விலக்கு வாங்கியும் ஏன் இப்படி?

மதிப்பீடு ஜனவரி 1ஆம் தேதி நிலவரப்படி நடக்கும். அன்று உங்கள் இடத்தில் வெறும் மனையோ பாதிக் கட்டடமோ இருந்திருக்கும், அதற்குத்தான் முதல் வருட வரி. அடுத்த ஜனவரியில் முழு வீடும் கணக்கில் வந்துவிட்டது. எஸ்க்ரோவில், அதாவது வரி கட்டுவதற்காக மார்ட்கேஜ் கம்பெனி உங்கள் தவணையிலிருந்து சேர்த்து வைக்கும் கணக்கில், போன வருடக் குறைவையும் இந்த வருட உயர்வையும் சேர்த்துப் பிடிப்பதால் தவணை இரட்டை அடியாக ஏறுகிறது.

விலக்கு பதிவான பிறகு, திருத்திய வரித் தொகையோடு எஸ்க்ரோவை மறுபடி கணக்கிடச் சொல்லி மார்ட்கேஜ் கம்பெனிக்கு எழுதுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் அடுத்த வருடாந்திரக் கணக்கு வரை அதிகத் தொகையையே பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். உங்கள் பகுதியில் பிஐடி கட்டணம் (சாலை, பூங்கா போன்ற பகுதி மேம்பாட்டுக்காக வாங்கும் கட்டணம்) இருந்தால் அது வரி இல்லை. இந்த விலக்கால் அது குறையாது.

அப்பாவுக்கு 67 வயது, கிரீன் கார்டில் எங்களோடு இருக்கிறார். வீடு என் பெயரில். முதியோர் விலக்கு கிடைக்குமா?

கிடைக்காது. 65 வயதானவர் வீட்டின் உரிமையாளராகவும் இருக்க வேண்டும். அப்படி இருப்பவருக்குப் பள்ளி வரியில் கூடுதலாக 60,000 டாலர் விலக்கு உண்டு. பள்ளி வரித் தொகையும் அந்த அளவிலேயே நின்றுவிடும், வீட்டை விரிவுபடுத்தினால்தான் ஏறும். அவர் காலமானால், 55 வயது நிரம்பிய துணைக்கு அந்த உச்சவரம்பு தொடரும்.

இதற்காக அப்பா பெயரைப் பத்திரத்தில் சேர்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பங்கு உரிமையாளருக்கு விலக்கும் அவர் பங்கின் அளவுக்கே வரும். அதோடு கடன் கொடுத்தவரின் சம்மதம், அன்பளிப்பு வரிக் கணக்கு, பின்னால் உடன்பிறந்தவர்களின் வாரிசுரிமை எல்லாம் கிளம்பும். வரிச் சலுகைக்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள் என்பேன்.

புராஜெக்டுக்காக 18 மாதம் சென்னை போகிறேன். விலக்கு போய்விடுமா?

திரும்பி வரும் எண்ணம் இருந்து, இரண்டு வருடத்துக்குள் திரும்பி, வேறெங்கும் நிரந்தர வீடு அமைத்துக்கொள்ளாவிட்டால் போகாது. ஆனால் முழு வீட்டையும் வாடகைக்கு விடுவதாக இருந்தால், முன்பே அப்ரைசல் டிஸ்ட்ரிக்டைக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு வீடு வாங்கிக் குடிபோய், பழையதை வாடகைக்கு விட்டுவிட்டு அதன் விலக்கை அப்படியே வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: தெரியவந்தால் ஐந்து வருடம் வரை பின்னோக்கி வரி போடுவார்கள். 2023இல் வந்த சட்டப்படி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு விலக்கையும் சரிபார்க்க வேண்டும். அந்தக் கடிதம் வந்தால் பதில் போடாமல் இருக்காதீர்கள்.

2024 தொடக்கத்திலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறோம். இதுவரை விண்ணப்பிக்கவே இல்லை. போன பணம் போனதுதானா?

இல்லை. வரி கட்டும் கெடு தாண்டிய நாளிலிருந்து இரண்டு வருடம் வரை தாமதமாக விண்ணப்பிக்கலாம். 2024 வரிக்கு அந்த நாள் வழக்கமாக 2025 பிப்ரவரி 1. விடுபட்ட வருடத்தையும் படிவத்தில் குறிப்பிடுங்கள். ஏற்றுக்கொண்டால், அதிகமாகக் கட்டிய தொகை திரும்பி வரும்.